டாட்லர் வகுப்பிலேயே இன்னொரு வருஷமா?

கேள்வி:

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். வீட்டில் தமிழ்தான். கணவருக்குக் கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை. நான் தினமும் பஸ்ஸில் பொள்ளாச்சி போய் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். ஒரே மகன், வருகிற செப்டம்பரில் மூன்று வயது முடிகிறது. ஜூனில் இங்கே ஒரு டே கேரில் சேர்த்தோம். ‘வயதுக்கேற்ற கற்றல் திட்டம்’ என்று நோட்டீஸ் போட்டு, கைக்குழந்தை, டாட்லர், நர்சரி, கே.ஜி. என நான்கு பிரிவு வைத்திருக்கிறார்கள். ஜூன் முதல் தேதிக்கு மூன்று ஆகவில்லை என்பதால் மகனை டாட்லரில் போட்டுவிட்டார்கள். அங்கே ஒன்றரை வயதுக் குழந்தைகள்தான் அதிகம். வீட்டில் வாய் மூடாமல் பேசுகிறவன் (“அம்மாயி வீட்டு ஆட்டுக்குட்டி என்னப் பாத்து கத்துச்சு, நான் பயப்படலையே” என்று நேற்றுகூடச் சொன்னான்) அங்கே ஒரு வார்த்தையும் பேசுவதில்லையாம். பேச்சு வரவில்லை, அடுத்த வருஷமும் டாட்லரிலேயே இருக்கட்டும் என்கிறார் டீச்சர். அவர் பேசுவது மலையாளம். கோபாலபுரம் தாண்டி தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு பிளே ஸ்கூலில் விசாரித்தால், நேரே நர்சரியில் எடுத்துக்கொள்கிறோம், ஆறு மாதத்தில் ஏ முதல் இசட் வரை எழுதிவிடுவான் என்கிறார்கள். மாமியாரோ தெருமுனை அங்கன்வாடி போதும், எதற்கு இவ்வளவு காசு என்கிறார். வயதைப் பார்த்து வகுப்பு பிரிப்பது சரியா? நான் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பஸ்ஸில் நின்றுகொண்டு வாசிப்பீர்கள் என்பதால் முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகனுக்குப் பேச்சில் குறை இருப்பதாக இந்தக் கடிதத்தில் எனக்கு எதுவும் தென்படவில்லை. மூன்று வயதில் எழுதவைக்கும் பள்ளிக்கு அவனை மாற்ற வேண்டாம். இருக்கிற டே கேரிலேயே, பெரிய பிள்ளைகளோடு தினமும் கொஞ்ச நேரம் உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாமியார் சொல்வதையும் ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். இனி விவரமாகப் பேசலாம்.

அந்த ஆட்டுக்குட்டி வாக்கியத்தை நீங்கள் எழுதியது நல்லதாயிற்று. அதில் நடந்து முடிந்த ஒரு சம்பவம் இருக்கிறது, இடம் இருக்கிறது, யார் யாரைப் பார்த்து என்ன செய்தது என்பது இருக்கிறது, கடைசியில் தன் மனசைப் பற்றி எதிர்மறையில் ஒரு சேதியும் இருக்கிறது. மூன்று முடியாத பிள்ளையிடம் இதற்கு மேல் எந்த ஸ்பீச் தெரபிஸ்ட்டும் கேட்க மாட்டார். இரண்டு வயதில் இரண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொன்னால் போதும், மூன்றில் வெளியாள் கேட்டாலும் முக்கால்வாசி புரிந்தால் போதும் என்பதுதான் பொதுவான அளவு. உங்கள் பையன் அதைத் தாண்டி நிற்கிறான்.

அப்படியானால் டே கேரில் ஏன் வாயைத் திறக்கவில்லை? அங்கே நடப்பதெல்லாம் மலையாளத்தில். நமக்கு அது பக்கத்து வீட்டு மொழி, பாதி புரியும் என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்கிறோம். இரண்டே முக்கால் வயதுப் பிள்ளைக்கு ‘பாதி புரிகிறது’ என்பது ரொம்பக் குழப்பமான நிலைமை. புது மொழிக்குள் விடப்பட்ட குழந்தைகள் பல வாரம், சிலர் பல மாதம்கூட, பேசாமல் இருப்பது எங்கும் காணக்கூடியதுதான். அந்த நேரத்தில் அவர்கள் சும்மா இருப்பதில்லை. கேட்கிறார்கள், மற்ற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து அதன்படி செய்கிறார்கள், கையைப் பிடித்து இழுத்துக் காட்டுகிறார்கள். சேர்த்து ஒன்றரை மாதம்கூட ஆகியிருக்காது. அதற்குள் அடுத்த வருஷத்து வகுப்பை முடிவு செய்வது அவசரம்.

டீச்சரிடம் கேட்க வேண்டியது, பேசுகிறானா என்பதை அல்ல. “எல்லாரும் கை கழுவப் போனால் அவனும் எழுந்து போகிறானா? சிரிக்கிறானா? வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா? எந்தப் பிள்ளை பக்கத்தில் போய் உட்காருகிறான்?” இப்படிக் கேளுங்கள். இதற்கெல்லாம் ஆம் என்று பதில் வந்தால் நிம்மதியாக இருக்கலாம். கவலைப்பட வேண்டிய நிலைமை வேறு மாதிரி இருக்கும்: வீட்டிலும் பேச்சு குறைவு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, முன்பு சொன்ன வார்த்தைகள் காணாமல் போகின்றன, கண்ணைப் பார்ப்பதில்லை. அப்படி ஏதாவது இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாவட்ட மருத்துவமனைகளில், 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தின் கீழ், ஆரம்ப நிலைத் தலையீட்டு மையங்கள் நடக்கின்றன. அங்கே கேட்கும் திறன், பேச்சு, வளர்ச்சி எல்லாவற்றையும் பார்ப்பார்கள். அப்புறம் இன்னொன்று. ஜூன், ஜூலை மழையில் டே கேர் பிள்ளைகளுக்குச் சளி விட்டு விட்டு வரும். சளி காதுக்குள் கோத்துக்கொண்டால் சில வாரம் காது மந்தமாக இருப்பதுண்டு. டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்கிறானா, “ஆ? ஆ?” என்று திருப்பித் திருப்பிக் கேட்கிறானா என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

சரி, வயதுவாரிப் பிரிவுக்கு வருவோம். எதற்குப் பிரிக்கிறார்கள்?

ஒரு சிரட்டை நிறையப் புளியங்கொட்டையை எடுத்துத் தரையில் வையுங்கள். நாலரை வயதுப் பெண் அதைப் பெரிசு சிறிசாகப் பிரிப்பாள், ஐந்தைந்தாக அடுக்குவாள், பல்லாங்குழி ஆடக் கேட்பாள். மூன்று வயதுக்காரன் சிரட்டையிலிருந்து டம்ளருக்கும் டம்ளரிலிருந்து சிரட்டைக்கும் மாற்றி மாற்றிக் கொட்டுவான். அரை மணி நேரம் போவது தெரியாது. ஒன்றரை வயதுக் குழந்தை முதல் கொட்டையை நேரே வாயில் போடும். அந்த வயதில் மூச்சுக்குழாய் அவ்வளவு குறுகல். தொண்டையில் சிக்கினால் கூப்பிட்டு ஆள் வருவதற்குள் காரியம் கெட்டுவிடும்.

வயதுப்படி அறை பிரிப்பதற்கு இதுதான் முதல் காரணம். ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கும் அறையில் புளியங்கொட்டை, மணி, பொத்தான், சின்ன சாக்பீஸ் எதுவும் இருக்கக்கூடாது. ஆகவே டாட்லர் அறையில் பெரிய பந்து, பிளாஸ்டிக் கிண்ணம், துணிப் பொம்மை இவைதான் இருக்கும். அது சரியான ஏற்பாடு. ஆனால் உங்கள் மகனுக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை. அவன் பேசாமல் இருப்பதற்கு மொழி ஒரு காரணம் என்றால் இது இன்னொன்று. பேச ஆள் வேண்டாமா? கூட இருப்பவர்களுக்கே இன்னும் பத்து வார்த்தைதான் வருகிறது.

இரண்டாவது காரணம் ஆள் கணக்கு. 2013ஆம் ஆண்டு தேசிய முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு, கல்விக் கொள்கை, மூன்று வயதுக்குக் கீழே பத்துக் குழந்தைக்கு ஒரு பெரியவர், மூன்று முதல் ஆறு வரை இருபதுக்கு ஒருவர் என்று வைத்திருக்கிறது. என்னைக் கேட்டால் அந்தப் பத்தே அதிகம். நடக்கத் தொடங்காத கைக்குழந்தைகள் என்றால் ஒருவரால் மூன்று நான்கு பேரைத்தான் உருப்படியாகப் பார்க்க முடியும். நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் பசித்தால் அதுவும் முடியாது. சின்னக் குழந்தைகள் அறைக்கு அதிக ஆள் போட வேண்டும், அதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். மாதக் கட்டணம் எதற்குப் போகிறது என்று பார்க்க வேண்டிய இடம் இதுதான். நோட்டீஸில் வண்ண வண்ணமாக எத்தனை பிரிவு போட்டிருந்தாலும், மதியம் எல்லாரையும் ஒரே அறையில் படுக்கவைத்து ஒரு ஆயாவை உட்காரவைத்திருந்தால் அங்கே பிரிவு என்று ஒன்றுமே இல்லை.

ஆக, வயது சொல்வது எந்த அறை, எத்தனை ஆள், என்ன சாமான் என்பதை. எந்தப் பாடம் என்பதை அது அவ்வளவு துல்லியமாகச் சொல்லாது. நோட்டீஸ்கள் இரண்டையும் போட்டுக் குழப்புகின்றன.

ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குக் ‘கற்றல் திட்டம்’ என்று யாராவது தனியாகக் காசு கேட்டால் கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். அந்த வயதுக்குத் திட்டம், தினமும் ஒரே முகம், தரையில் குப்புறக் கிடந்து புரள இடம், துணி மாற்றும்போது பேச்சுக் கொடுக்கிற ஒரு ஆள். எட்டொன்பது மாதத்தில் வேற்று முகம் கண்டால் அழத் தொடங்கும், ஆகவே அடிக்கடி ஆளை மாற்றாமல் இருந்தாலே பாதிக் கல்வி ஆயிற்று. ஒன்று முதல் இரண்டு வரை தூக்குவது, கொட்டுவது, ஏறுவது, இறங்குவது. பொம்மையைப் பகிர்ந்துகொள் என்று அந்த வயதில் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. ஒரே மாதிரி மூன்று பொம்மை வாங்கிப் போடுவதுதான் வழி.

இரண்டரையிலிருந்து மூன்றரை வரை உள்ள காலத்தைத்தான் நிறையப் பேர் சரியாகக் கவனிப்பதில்லை. உங்கள் மகன் இருப்பது அங்கேதான். இந்த வயதுப் பிள்ளைகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் மண்ணை அவரவர் குவிப்பார்கள். சேர்ந்து விளையாடுவதுபோல் தெரியும், ஆனால் சேர்ந்திருக்காது. ஓரக்கண்ணால் மட்டும் அடுத்தவனைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒருவன் சிரட்டையில் மண்ணை அமுக்கிக் கவிழ்த்து ‘இட்லி’ என்றால், இரண்டு நிமிஷம் கழித்து அடுத்தவன் சிரட்டையும் கவிழும். அதற்கடுத்த சில மாதங்களில் “நீ கடைக்காரன், நான் வாங்க வந்தவ” என்று வேஷம் பிரித்து ஆடத் தொடங்குவார்கள். பேச்சு அங்கேதான் கொட்டும். இது நடக்க, தன்னைவிடக் கொஞ்சம் மூத்த பிள்ளை ஒருவராவது பக்கத்தில் இருக்க வேண்டும். டாட்லர் அறையில் உங்கள் மகனுக்கு அப்படி ஆள் இல்லை. அவனேதான் அங்கே மூத்தவன்.

ஜூன் முதல் தேதிக் கணக்கைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. பள்ளிக்கூடத்தில் ஏதாவது ஒரு தேதி வைத்தே ஆக வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். டே கேருக்கு அந்தக் கட்டாயம் என்ன? ஜூனில் பிறந்தவனும் அடுத்த மேயில் பிறந்தவனும் ஒரே வகுப்பு என்கிறபோது, மூன்று வயதில் அந்த இடைவெளி பிள்ளையின் மொத்த ஆயுளில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. நல்ல மையங்களில் பிறந்த நாளை ஒட்டி, பிள்ளை தயாரானதும், வருஷத்தின் நடுவிலேயே அறை மாற்றுகிறார்கள். மூன்று முதல் ஆறு வயது வரை ஒரே கூடத்தில் வைப்பது இன்னொரு பழைய முறை. 1907இல் ரோம் நகரத்தில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி நடத்தியது அப்படிக் கலந்த வகுப்புகளைத்தான். 1939இல் அவர் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கியும் வேலை செய்தார். பெயர்ப்பலகையில் அவர் பெயரைப் போட்டுக்கொண்டு, உள்ளே ஆறு மாத இடைவெளியில் வகுப்பைத் துண்டு போட்டு வைத்திருக்கும் இடங்களை நம் ஊர்ப் பக்கம் பார்க்கும்போது சிரிப்புத்தான் வருகிறது.

மாமியாரின் அங்கன்வாடி யோசனைக்கும் இதே காரணத்தால்தான் நான் மதிப்புக் கொடுக்கிறேன். அங்கே மூன்று முதல் ஆறு வரை எல்லாரும் ஒன்றாக இருப்பார்கள், கட்டணம் இல்லை, பிள்ளைகள் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள், உங்கள் பகுதியில் டீச்சருக்கும் ஹெல்பருக்கும் தமிழ் தெரிந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. 1975 அக்டோபர் 2இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கிய நாளிலிருந்தே முன்பருவக் கல்வி அதன் பகுதிதான். வெறும் சோறு போடும் இடம் என்று நாம்தான் நினைத்துவிட்டோம். 2024இல் மத்திய அரசு அங்கன்வாடிகளுக்கென்று மூன்று முதல் ஆறு வயதுக்கு ‘ஆதார்ஷிலா’ என்ற பாடத்திட்டத்தையும், மூன்றுக்குக் கீழே ‘நவசேதனா’ என்ற வழிகாட்டியையும் வெளியிட்டது. இரண்டும் விளையாட்டை வைத்தே செய்யப்பட்டவை. எல்லா அங்கன்வாடியிலும் அது அப்படியே நடக்கிறது என்று சொல்ல மாட்டேன், டீச்சரைப் பொறுத்தது. உங்களுக்கு உள்ள சிக்கல் நேரம். நீங்கள் பொள்ளாச்சியிலிருந்து திரும்பும்வரை அங்கன்வாடி திறந்திருக்காது. மாமியாரால் கூட்டிவந்து மாலைவரை பார்த்துக்கொள்ள முடியுமா என்பதை அவரிடமே மனம்விட்டுக் கேளுங்கள். முடியும் என்றால் அது கெட்ட ஏற்பாடு இல்லை. முடியாதென்றால் அவர்மேல் குறை சொல்லவும் ஒன்றுமில்லை. மூன்று வயதுப் பையன் பின்னால் ஓடுவது லேசான வேலையா?

இனி அந்த ஏ முதல் இசட்.

மூன்று வயதுப் பிள்ளையிடம் பென்சிலைக் கொடுத்து நீங்கள் போட்டதைப் பார்த்துப் போடச் சொன்னால் வட்டம் போடும். நான்கு வாக்கில் கூட்டல் குறி, நாலரையில் சதுரம், ஐந்தில் முக்கோணம். இந்த வரிசையை வளர்ச்சிப் பரிசோதனைகளில் பல பத்தாண்டுகளாகவே பயன்படுத்துகிறார்கள். முக்கோணமே ஐந்து வயதில்தான் என்றால், மூன்றே கால் வயதில் ‘ஏ’வையும் ‘கே’யையும் எப்படிப் போடுவான்? கையைப் பிடித்துப் போடவைப்பார்கள், புள்ளி வைத்துக் கொடுப்பார்கள், பக்கம் பக்கமாக நோட்டு நிறையும். அம்மா அப்பாவுக்குக் காட்ட ஒரு சாமான் கிடைக்கும். மணிக்கட்டு எலும்புகள் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்பு. பல வருஷமாக ஒவ்வொன்றாகத்தான் கெட்டியாகின்றன. விரல் தசைகளும் அப்படித்தான். அதற்குள் பென்சிலைத் திணித்தால் பிள்ளைகள் முஷ்டியால் இறுக்கிப் பிடித்து எழுதப் பழகிவிடுகிறார்கள். யூகேஜியில் அந்தப் பிடியை மாற்ற டீச்சர் படும் பாட்டைக் கேட்டுப் பாருங்கள்.

கைக்கு வேலை வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டிலேயே கீரை ஆய, அவரைக்காய் நார் உரிக்க, சப்பாத்தி மாவைப் பிசைந்து பாம்பு உருட்ட, ஈரத் துணியைப் பிழிய, வாசலில் கோலப்பொடியை இரண்டு விரலால் கிள்ளிப் போட விடுங்கள். கோலப்பொடி கிள்ளும் அந்த இரண்டு விரலும் கட்டைவிரலும்தான் நாளைக்குப் பென்சில் பிடிக்கப்போகின்றன.

அவசரமும் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து முடிந்தால் ஒன்றாம் வகுப்பு என்று வைத்தாலும், செப்டம்பரில் பிறந்தவன் சேர இன்னும் மூன்று ஜூன் வர வேண்டும். 2026-27 கல்வியாண்டு முதல் ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது ஆக்கப்போவதாகக் கேரள அரசு 2025இல் அறிவித்தது. அந்தக் கணக்குப்படி நான்கு ஜூன். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் ஐந்து முடிந்தால் சேர்க்கிறார்கள். எந்தப் பக்கம் படிக்கவைப்பது என்று வீட்டில் பேசிக்கொள்ள நிறைய நேரம் இருக்கிறது. கோபாலபுரம் பள்ளியில் இப்போதே நர்சரியில் போட்டு, பிறகு ஒன்றாம் வகுப்புக்குக் கேரளத்துக்கே திரும்புவதென்றால், எல்கேஜி, யூகேஜி முடித்துவிட்டு அந்த ஆறு வயதுக் கணக்குக்கு வயது போதாமல் ஒரு வருஷம் சும்மா உட்காரவைக்கவோ, யூகேஜியையே திரும்பப் படிக்கவைக்கவோ வேண்டிவரலாம். அதைச் சேர்க்கும்போது யாரும் சொல்ல மாட்டார்கள்.

மொழி விஷயத்தில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பேச்சு வரவில்லை என்று டீச்சர் சொன்னதற்காக வீட்டில் மலையாளத்துக்கோ ஆங்கிலத்துக்கோ மாறிவிடாதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாகும் என்பது வெறும் பயம். இரண்டையும் கலந்து ஒரே வாக்கியத்தில் பேசுவான்; நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் பெரியவர்களே அப்படித்தானே பேசுகிறோம்? வார்த்தைக் கணக்கு எடுத்தால் இரண்டு மொழியையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 350ஏ பிரிவு சொல்கிறது. உங்கள் பகுதி அரசுப் பள்ளிகளில் தமிழ் வழி வகுப்புகள் இருப்பதும் உங்களுக்குத் தெரியும். டே கேரை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்றாலும், தமிழில் பேசும் பிள்ளையைக் குறையுள்ள பிள்ளையாகப் பார்க்கக் கூடாது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சண்டை போடச் சொல்லவில்லை. ஒரு அட்டையில், தண்ணீர், ஒன்றுக்கு, வயிற்றுவலி, தூக்கம், போதும், அம்மா எப்போது வருவாள் என்று அவன் வீட்டில் சொல்லும் பத்து வார்த்தையை மலையாள எழுத்தில் எழுதி டீச்சரிடம் கொடுங்கள். உங்களுக்கு எழுத வராவிட்டால் கணவரின் கம்பெனியில் யாராவது எழுதித் தருவார்கள். வேலைக்கு வரும் சேச்சிகளில் யாருக்குத் தமிழ் தெரியும் என்று விசாரித்து, காலையில் அவர் கையில் பிள்ளையைக் கொடுங்கள். அவர் இரண்டு வார்த்தை தமிழில் பேசினால் போதும், பையன் அந்த முந்தானையைப் பிடித்துக்கொண்டு மற்றதைக் கற்றுக்கொள்வான்.

டீச்சரிடம் பேசும்போது “என் பையனை நர்சரிக்கு மாத்துங்க” என்று தொடங்காதீர்கள். அவர்கள் உடனே விதியைச் சொல்வார்கள். “அவன் வீட்டில் பேசுவதைப் போனில் எடுத்திருக்கிறேன், கொஞ்சம் கேளுங்கள்” என்று தொடங்குங்கள். ஆட்டுக்குட்டிக் கதையை இன்னொரு தடவை சொல்லவைத்து ஒரு நிமிஷம் பதிவு செய்யுங்கள். மலையாளிக்கு அது தாராளமாகப் புரியும். பிறகு, தினமும் காலையில் ஒரு மணி நேரம் நர்சரிப் பிள்ளைகள் மண்ணில் விளையாடும்போதும் கதை கேட்கும்போதும் இவனையும் சேர்த்துக்கொள்ள முடியுமா, இரண்டு மூன்று வாரம் பார்ப்போமா என்று கேளுங்கள். சாப்பாடும் தூக்கமும் பழைய அறையிலேயே இருக்கட்டும். தானாகப் பாத்ரூம் போகச் சொல்கிறானா என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். சில இடங்களில் நர்சரிக்கு ஆயா குறைவு. அந்தப் பழக்கம் இன்னும் முழுசாக வரவில்லை என்றால் மறைக்காமல் சொல்லி, மாற்றுத் துணி இரண்டு கூடுதலாகக் கொடுத்தனுப்புங்கள். புது வகுப்புக்கு ‘ஆக்டிவிட்டி கிட்’, ஒர்க்புக் என்று இப்போதே தனியாகப் பணம் கேட்டால், செப்டம்பருக்குப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிடலாம்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. ஒரு நாள் அரை நாள் லீவு போட்டு, சொல்லாமல், பதினொன்றரை மணிக்கு டே கேருக்குப் போய்ப் பாருங்கள். காலை ஒன்பதுக்கும் மாலை ஐந்துக்கும் எல்லா மையமும் அழகாகத்தான் இருக்கும். சாப்பாட்டுக்கு முந்திய அந்த நேரத்தில்தான் பிள்ளைகளுக்குப் பசியும் தூக்கமும் ஒன்றாக வந்திருக்கும், பெரியவர்கள் களைத்திருப்பார்கள். யாராவது ஒரு குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து பேசுகிறார்களா, வாசலிலிருந்தே அதட்டுகிறார்களா? டிவி ஓடுகிறதா? ரைம்ஸ்தானே என்பார்கள். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தை வீட்டில் நீங்கள் சமைக்கும்போதே அவன் பார்த்து முடித்திருப்பான். மூன்று வயதுக்கு ராத்திரியும் பகலும் சேர்த்துப் பத்திலிருந்து பதின்மூன்று மணி நேரம் தூக்கம் வேண்டும்; தூங்காத பிள்ளையைக் கட்டாயப்படுத்திக் கண்ணை மூடவைக்கிறார்களா என்பதையும் பாருங்கள். உள்ளே விடமாட்டோம், ஆபீஸ் அறையிலேயே உட்காருங்கள் என்றால், உங்கள் கேள்விகள் பாதிக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. அப்போது வேறு இடம் தேடுவதில் தப்பில்லை. ஆனால் எழுத்து சொல்லிக்கொடுக்கும் வேகத்தைப் பார்த்துத் தேடாதீர்கள்.

டே கேர் ஒப்புக்கொண்டால் நாள் பார்த்துச் செய்யுங்கள். ஓணம் விடுமுறையில் பிள்ளைகள் பத்து நாள் வீட்டில் அப்பா அம்மாவோடு இருந்துவிட்டுத் திரும்பும்போது, நன்றாகப் பழகியவர்களே வாசலில் நின்று அழுவார்கள். விடுமுறை முடிந்த மறுநாள் புது அறை வேண்டாம். ஓணத்துக்கு மூன்று வாரமாவது இருந்தால் இப்போதே அந்த ஒரு மணி நேரத்தைத் தொடங்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் விடுமுறைக்குப் பிறகு இரண்டு வாரம் பழைய அறையிலேயே போகட்டும், அதற்குள் மூன்றாவது பிறந்த நாளும் வந்துவிடும், வயதைக் காட்டி மறுக்கவும் அவர்களுக்கு வழி இருக்காது. முழு நாளும் நர்சரி என்று ஆகும் முதல் வாரத்தில், கணவருக்குக் காலை ஷிப்ட் இருக்கும்படி கேட்டு வாங்கிக்கொண்டு, அவரை நேரத்தோடு போய் பையனைக் கூட்டிவரச் சொல்லுங்கள்.